பூட்டை எங்கே போடுவது: ஃபோனிலா, விளையாட்டிலா, பர்ஸிலா?

சென்னை தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் போர்ட் மாற்றுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, இதுதான் பிழைப்பு. ஏப்ரல் கடைசியில் முழுப் பரீட்சை முடிந்ததும் இன்னொரு வகைக் கூட்டம் வர ஆரம்பிக்கும். ஃபோனைக் கவுன்ட்டரில் வைத்து, "இதுல கேம் வராத மாதிரி பண்ணிக் குடு தம்பி, எவ்ளோ ஆவும்?" என்பார்கள். பேட்டரி மாற்றுவது மாதிரி ஒரு வேலை என்று நினைப்பு.

ஆரம்பத்தில் நானும் எதையாவது பூட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். நாலு நாளில் அதே ஃபோன் திரும்பி வரும். ஒன்று, பையன் பூட்டைத் தாண்டியிருப்பான். இல்லை, அம்மாவுக்கே ஃபோன் திறக்காது. அதனால் இப்போதெல்லாம் கை வைப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன். நேரம் போகிறது என்று கவலையா, காசு போகிறது என்று கவலையா, யார் யாரோடு பேசுகிறான் என்று கவலையா? அப்புறம், இந்த ஃபோன் யாருடையது?

முதல் கேள்விக்கு "மூணும்தான்" என்றுதான் பதில் வரும். நியாயம்தான். ஆனால் மூன்றுக்கும் பூட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. நேரத்துக்கான பூட்டு ஃபோனில், பேச்சுக்கான பூட்டு விளையாட்டுக் கணக்கில், காசுக்கான பூட்டு நம் பர்ஸில். ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற இரண்டும் பூட்டியாகிவிட்டது என்று நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். நானும் ஏமாந்தவன்தான்.

மூன்றாவது விரல்

எங்கள் வீட்டில் பெரியவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் ஐந்தாம் வகுப்பு. கூடவே என் அம்மா, பிள்ளைகளுக்கு ஆயா. ஒரு வாடிக்கையாளர் வாங்கிவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன ரீசார்ஜ் கோடு ஒன்று, 2,500 ரூபாய்க்கு, என்னிடம் இருந்தது. அதை என் ஃபோனில் பிளே ஸ்டோர் கணக்கிலேயே ஏற்றி வைத்திருந்தேன். போன மே மாதம் ஏதோ ஒரு ஆப் வாங்கப் போனால் பேலன்ஸ் 180 ரூபாய் என்கிறது. ஜிமெயிலைத் திறந்து பார்த்தேன். ரசீதுகள் வரிசையாக நிற்கின்றன: 80, 80, 160, 80, 160... பன்னிரண்டு நாளில் 2,320 ரூபாய். எல்லாம் சின்னவன் ஆடும் ஒரு விளையாட்டில் டாப்-அப், அதாவது விளையாட்டுக்குள் செலவழிக்கக் காசு ஏற்றியது. ரசீது ஒழுங்காக வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் ஜிமெயிலைத் திறந்தே மாசக்கணக்கு ஆகிறது.

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விரல்ரேகை கேட்கும்படிதான் வைத்திருந்தேன். அப்புறம் எப்படி? செட்டிங்ஸில் விரல்ரேகைப் பட்டியலைத் திறந்தால் விரல் 1, விரல் 2, விரல் 3 என்று மூன்று பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு சென்சாரில் விரலை வைத்தால், எந்த விரலோ அந்தப் பெயர் மின்னும். என் இரண்டு கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு பெயரும் மின்னின. மூன்றாவதுக்கு என் மற்ற எட்டு விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மின்னவில்லை. சின்னவனைக் கூப்பிட்டேன். வந்தவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்காமலேயே ஆள்காட்டி விரலைக் கொண்டுவந்து வைத்தான். விரல் 3 மின்னியது. "நீ லாக் நம்பர் போடும்போது பார்த்தேன்பா" என்றான்.

கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. ஊர் ஃபோனுக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவன் நான்.

அதனால் காசு விஷயத்தில் என் வரிசை இப்படி. முதலில் ஸ்கிரீன் லாக் நம்பரை மாற்றுங்கள், பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு விரல்ரேகைப் பட்டியலைப் பாருங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் வாங்குவதற்கான சரிபார்ப்பை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். அங்கே 30 நிமிடத்துக்கு ஒரு முறை என்றும் ஒரு தேர்வு இருக்கும். அரை மணி நேரத்தில் ஒரு பத்து வயதுப் பையன் என்னென்ன வாங்க முடியும் என்று யோசித்தால் அதைத் தொடமாட்டீர்கள்.

இது ஸ்டோர் வழியாகப் போகிற காசுக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் ஸ்டோருக்கு வெளியேயும் ஒரு வழி ஓடுகிறது. ஏரியாவுக்கு ஒரு 'டாப்-அப் அண்ணன்' இருப்பான். விளையாட்டுக் கணக்கின் ஐடி நம்பரை அவனுக்கு அனுப்பி, க்யூஆரை ஸ்கேன் செய்து காசு போட்டால், ஸ்டோரைவிட ரெண்டு ரூபாய் குறைவாக ஏற்றிவிடுவான். பெற்றோர் அனுமதி, சரிபார்ப்பு எதுவும் இந்தப் பாதையில் குறுக்கே வராது. யுபிஐ பின் இருக்கிறதே என்று சொல்வீர்கள். உங்கள் ஃபோனில் யுபிஐ லைட் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அதில் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் கேட்காமலேயே போகும், மொத்தம் 5,000 வரை ஏற்றி வைக்கலாம். டீக்கடையில் வசதி என்று போட்டது. பிள்ளை கையில் ஃபோன் போகும் வீட்டில் அதை எடுத்துவிடுவது நல்லது, அல்லது நூறு இருநூறுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.

சரி, காசே கொடுக்கக் கூடாதா? என் மனைவி அப்படித்தான் சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. கோலி, பம்பரம், பட்டம் என்று நாங்கள் அழித்த காசும் காசுதானே. பல நாள் பேச்சுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம்: மாசம் 100 ரூபாய்க்கு ஒரு ரீசார்ஜ் கோடு, அவன் கணக்கில் ஏற்றிவிடுவோம். விளையாட்டுக்குள் இருக்கும் செலவு வரம்பு, ஸ்டோரின் பெற்றோர் அனுமதி, இந்த கோடு ஆகிய மூன்றில் எனக்குப் பிடித்தது கோடுதான். வரம்பை யாராவது மாற்றலாம். அனுமதி கேட்டு வரும் நோட்டிஃபிகேஷனை வேலை மும்முரத்தில் கை தவறித் தட்டிவிடலாம். கோடில் 100 தீர்ந்தால் தீர்ந்ததுதான். முதல் மாதம் ஒரே நாளில் தீர்த்துவிட்டு இருபத்தொன்பது நாள் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் மாதம் 60 ரூபாயைப் பத்தாம் தேதி வரை வைத்திருந்தான்.

காசு போய்விட்டது என்று இப்போதுதான் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளே ஸ்டோரில் வீட்டுப் பிள்ளை தெரியாமல் வாங்கியதென்றால் 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்பதுதான் சுலபமான வழி. அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நடத்தும் கம்பெனியிடம்தான் கேட்கச் சொல்வார்கள். நான் பார்த்தது கடைசி ரசீதுக்கு நாலாம் நாள். கேட்கவே இல்லை.

விளையாட்டுக்குள் இருக்கும் பூட்டு

யாரோடு பேசுகிறான் என்ற கவலைக்கு ஃபோனில் என்ன பூட்டுப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. தினம் ஒரு மணி நேரம்தான் என்று வைத்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் முகம் தெரியாத ஒருத்தன் வந்து பேசலாம். இதற்கு விளையாட்டுக் கணக்குக்குள்தான் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் இப்போதைக்கு விவரமாகப் பூட்டு வைத்திருப்பது ராப்ளாக்ஸ், ஒரே ஆப்புக்குள் பல விளையாட்டு இருப்பது. 2024 நவம்பரில் பெற்றோர் கணக்கு என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். நாம் நமக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, அரசு அடையாள அட்டையோ கிரெடிட் கார்டோ காட்டி, பெரியவர்தான் என்று நிரூபித்து, பிள்ளையின் கணக்கோடு இணைக்க வேண்டும். அதன் பிறகு நம் ஃபோனில் இருந்தே பார்க்கலாம்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், மாதம் எவ்வளவு செலவு, எந்த அளவு அடிதடி உள்ள விளையாட்டு வரை போகலாம், நண்பர் பட்டியலில் யார் யார். 13 வயதுக்குக் கீழே இருந்தால் விளையாட்டுக்கு வெளியே தனியாகச் செய்தி அனுப்பும் வசதியே மூடித்தான் இருக்கும். 2026 ஜனவரி முதல் சாட் வேண்டுமென்றால் கேமராவில் முகத்தைக் காட்டி வயதுச் சோதனை செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இத்தனையும் ஒரே ஒரு ஆணியில் தொங்குகிறது: கணக்கில் போட்டிருக்கும் பிறந்த வருஷம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்கித் தருவது அப்பா அம்மா இல்லை. மாடி வீட்டு அண்ணன், பெரியம்மா பையன், டியூஷனில் கூட உட்காரும் சீனியர். என் சின்னவனுக்கு என் அக்கா மகன் தொடங்கிக் கொடுத்தான். பிறந்த வருஷம் கேட்டதற்குச் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டியிருக்கிறான். அது 2001-இல் போய் நின்றிருக்கிறது. அதனால் ராப்ளாக்ஸைப் பொறுத்தவரை என் வீட்டில் இருபது வயதைத் தாண்டிய ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு அப்பாவின் அனுமதி தேவையில்லை.

இதற்கு வழி இரண்டு. அதே கணக்கின் வயதைச் சரிசெய்ய முயல்வது, இல்லை சரியான வயதோடு புதுக் கணக்கு தொடங்குவது. முதலாவதற்குக் கம்பெனியோடு மல்லுக்கு நிற்கப் பொறுமை வேண்டும். புதுக் கணக்கு பத்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். பையன் அழ ஆரம்பித்துவிட்டான். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. என்னடா என்றால், பழைய கணக்கில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறதாம். ஆறு மாதமாகச் சோறு போட்டு, குளிப்பாட்டி, பெரிதாக்கியிருக்கிறான். புதுக் கணக்குக்குப் போனால் அது அங்கேயே நின்றுவிடும். "யாரும் சோறு வைக்க மாட்டாங்கப்பா" என்றான்.

விளையாட்டுப் பொருள்தானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அதை அவன் காசு கொடுத்து வாங்கவில்லை, தினமும் போய்ப் பார்த்து வளர்த்தது. கடைசியில் அவனோடு படிக்கும் பையனுக்கு அந்த நாய்க்குட்டியை விளையாட்டுக்குள்ளேயே கைமாற்றிக் கொடுத்துவிட்டு, புதுக் கணக்கு தொடங்கி, மறுபடி அதை வாங்கிக்கொண்டோம். இரண்டு சாயங்காலம் ஆனது. நடுவில் அந்தப் பையன் திருப்பித் தருவானா மாட்டானா என்று ஒரு ராத்திரி முழுக்க எனக்கே தூக்கம் வரவில்லை. புதுக் கணக்கு தொடங்கும் யோசனை இருந்தால், பழையதில் என்னென்ன இருக்கிறது என்று பிள்ளையை உட்கார வைத்துக் கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

மற்ற விளையாட்டுகளிலும் இதே ஆணிதான். பிஜிஎம்ஐ, அதாவது நம் ஊர் பப்ஜி என்ற சுடும் விளையாட்டு, 2023-இல் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வரம்போடு வந்தது. மூன்று மணி நேரமே என் கணக்கில் அதிகம். அதிலும் வயதைக் கூட்டிச் சொன்ன பிள்ளைக்கு ஆறு. மைன்கிராஃப்ட் ஆடும் வீடுகள் எங்கள் பக்கம் குறைவு. அதில் மைக்ரோசாஃப்ட் குடும்பக் கணக்கு வழியாக யாரோடு சேர்ந்து ஆடலாம் என்று கட்டுப்படுத்தலாம், அங்கேயும் பிள்ளைக்கணக்கு சரியான வயதில் இருந்தால்தான்.

ஃபோனையே பூட்டுவது

நேரம்தான் கவலை என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க். காசு கிடையாது, ஆண்ட்ராய்டில் நன்றாக ஓடும். தினம் இவ்வளவு நேரம், ராத்திரி இத்தனை மணிக்கு மேல் ஃபோன் உறங்கட்டும், இந்த ஆப் மட்டும் அரை மணி என்று நம் ஃபோனில் இருந்தே வைக்கலாம். நேரம் முடிந்தால் பூட்டிக்கொள்ளும், ஆனால் வருகிற ஃபோனை எடுக்கலாம். புது ஆப் போட நம்மிடம் கேட்கும். கூடுதலாக நேரம் கொடுக்க ஒரு பட்டன் இருக்கிறது. பிறந்தநாள் அன்று அதைத் தட்டும்போது ஒரு அதிகாரம் வந்த மாதிரி இருக்கும்.

ஐஃபோன் வைத்திருக்கும் வீட்டில் ஸ்கிரீன் டைம் இதே வேலையைச் செய்யும். என் கடைக்கு அப்படிப்பட்ட பிள்ளைகள் வருவதில்லை.

ஃபேமிலி லிங்க்கை நான் யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. காரணம் என் இரண்டாவது கேள்வி. அது பிள்ளைக்குத் தனி ஃபோன், அதில் பிள்ளையின் தனிக் கணக்கு என்ற ஒரு வீட்டை மனதில் வைத்துச் செய்தது. புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் எத்தனை வீட்டில் அப்படி இருக்கிறது? ஒரே ஃபோன்தான். காலையில் அம்மாவுடையது, சாயங்காலம் பையனுடையது, ராத்திரி அப்பா யூடியூப் பார்க்க. அதில் இருப்பது அப்பாவின் கணக்கு. அந்த ஃபோனில் பிள்ளைக்கான பூட்டைப் போட்டால் அப்பாவும் சேர்ந்து பூட்டிக்கொள்வார்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா வந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறவர். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கே கண் அசந்துவிடும். தலைமாட்டில் இருக்கும் ஃபோனை எடுத்துக்கொண்டு பையன் மொட்டைமாடிக்குப் போய்விடுவான். ரெண்டு மணிக்கு எழுந்தால் ஃபோனில் சார்ஜ் இருக்காது. கஸ்டமர் காசு போட்டதா இல்லையா என்று பார்க்க முடியாமல் நிற்பார். "கேம எடுத்துட்டன்னா மறுபடி ஏத்திக்கிறான் தம்பி" என்றார்.

அவருக்கு முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன். பிளே ஸ்டோருக்குள் பெற்றோர் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைத்தான் முழுப் பூட்டு என்று நினைக்கிறார்கள். வயதுக்கு மீறிய ஆப்பைப் புதிதாக இறக்குவதை மட்டும்தான் அது தடுக்கும், ஏற்கெனவே ஃபோனில் இருப்பதைத் தொடாது. ஃபோன் செட்டிங்ஸிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஆப்புக்கு டைமர் வைக்கலாம். வைத்த இடத்துக்கே போய் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாகப் பூட்டுப் போடும் ஆப் லாக் பல சீன ஃபோன்களில் கூடவே வருகிறது, ஒரே ஃபோன் உள்ள வீட்டுக்கு அதுதான் கைக்கு எட்டியது. சில ரெட்மி ஃபோன்களில் இரண்டாவது ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. வேறு நம்பர் போட்டுத் திறந்தால் வேறு ஃபோன் மாதிரி இருக்கும். அதில் விளையாட்டை மட்டும் வைத்து, காசு கட்டும் ஆப் எதையும் வைக்காமல் விட்டால் காசுக்குப் பூட்டு ஆயிற்று. ஆனால் அக்காவின் கஷ்டம் காசு இல்லை, சார்ஜ்.

கடைசியில் நான் அவருக்குக் கொடுத்தது ஒரு பழைய ஃபோன். சிம் கிடையாது. பேட்டரி நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்காது. பழைய மைக்ரோ பின், அந்தச் சார்ஜர் இப்போது யார் வீட்டிலும் இருப்பதில்லை. விளையாட்டை இதில் மாற்றினோம். அவர் வீட்டில் வைஃபை இல்லை, அக்காவின் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் நெட். நாற்பது நிமிடம் ஆடுவான், அணைந்துவிடும். சார்ஜரை அக்கா சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு ஏலத்துக்குப் போய்விடுகிறார். மூன்று மாதம் ஆகிறது, பூட்டு இன்னும் உடையவில்லை.

வைஃபை ரௌட்டரில் நேரம் வைத்து நிறுத்துவது பற்றியும் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு ஃபோன் வைஃபைக்குத் தன் முகவரியை மாற்றிக் காட்டும், அந்த வசதியை மாற்றி வைத்தால் ரௌட்டருக்குப் பழைய ஆளே புது ஆள் மாதிரி தெரியலாம். ஃபோனில் சிம் இருந்தால் அதுவும் வீண். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருக்கிறேன், தீர்ந்தால் ஆட முடியாதே என்பார்கள் சிலர். ஒரு ஆட்டத்துக்கு டேட்டா கொஞ்சம்தான் போகும். தீர்ப்பது யூடியூப். பேக் தீர்ந்தால் முதலில் நிற்பது உங்கள் சீரியல்தான்.

பெரியவள் விஷயம் வேறு

பத்து வயதுக்குச் சொன்னதெல்லாம் பதினைந்து வயதுக்கு ஒத்துவராது. பெரியவள் பிஜிஎம்ஐ ஆடுகிறாள், கூடப் படிக்கும் மூன்று பெண்களோடு ஸ்குவாட் போட்டு. ஃபேமிலி லிங்க் போடலாமா என்று மனைவி கேட்டாள். 13 வயதைத் தாண்டிய பிள்ளை ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கில் போட அவள் சம்மதமும் வேண்டும். அவள் தரமாட்டாள் என்று தெரியும். சட்டப்படி, 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை பிள்ளை என்றுதான் சொல்கிறது, பெற்றோர் சம்மதத்தோடுதான் அவர்கள் தகவலை எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணின் கையிலிருந்து ஃபோனை வாங்கிவிட முடியுமா?

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: யாராவது தொல்லை கொடுத்தால் என்ன செய்வாய், செய்து காட்டு. கட்டிலில் உட்கார்ந்தபடியே காட்டினாள். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் காத்திருக்கும் லாபியில் மைக் அணைந்திருக்கிறது. தெரியாதவர் நட்புக் கோரிக்கை வராதபடி வைத்திருக்கிறாள். பிளாக், ரிப்போர்ட் எங்கே என்று கட்டைவிரலுக்கு மனப்பாடம். மைக் ஏன் அணைத்திருக்கிறாய் என்றேன். "ஒரு வார்த்தை பேசினா போதும்பா, 'டேய் பொண்ணுடா'ன்னு ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள், ஏதோ மழை வருது குடை எடுத்தேன் என்பது போல. அவள் இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டி வந்ததே என்றுதான் அன்றைக்கு மனசு கனத்தது. நேரப் பூட்டு எதுவும் அவளுக்குப் போடவில்லை. மனைவிக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. பொதுத்தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்கிறாள்.

பெரியவளுக்குச் சொன்ன ஒரே விஷயம்: படம் கேட்டாலோ மிரட்டினாலோ சாட்டை அழிக்காமல் என்னிடம் கொண்டு வா. காசு மோசடி என்றால் 1930, பிள்ளைகளுக்கு வேறு எந்த ஆபத்து என்றாலும் 1098. இரண்டு நம்பரையும் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடையில் அடிக்கடி கேட்கும் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கவர்மென்ட்டே கேம நிறுத்திடுதாமே?" தமிழ்நாட்டின் 2025 விதிமுறையில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று வந்தது உண்மை. அது ரம்மி மாதிரி பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு. அதில் 18 வயதுக்குக் கீழே யாரும் ஆடவே கூடாது என்றும் இருந்தது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. உங்கள் பையன் ஆடும் சுடும் விளையாட்டுக்கும் நாய்க்குட்டி விளையாட்டுக்கும் இதெல்லாம் பொருந்தாது. 2021-இல் சீனாவில் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் என்று அரசே பூட்டியது. இங்கே அந்த வேலை நம் தலையில்தான்.

நேரத்தைக் குறைத்தால் பையன் எங்கே போவான் என்பதையும் பூட்டுப் போடும் அன்றைக்கே யோசித்துவிடுங்கள். இங்கே அதற்குக் குறையில்லை. வியாசர்பாடியில் கால்பந்து, எங்கள் பக்கம் முழுக்க கேரம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். சின்னவனைச் சாயங்காலம் கேரம் கிளப்பில் கொண்டுபோய் விட்டேன். மூன்று நாள் போனான். நாலாம் நாள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டி நகம் வலிக்கிறது என்று வந்துவிட்டான். மறுபடி அனுப்பிப் பார்க்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டு நிலவரம்: சின்னவனுக்கு மட்டும் தனியாக ஒரு பழைய ஃபோன், அதில் ஃபேமிலி லிங்க், பள்ளி நாளில் நாற்பத்தைந்து நிமிடம், சனி ஞாயிறு ஒன்றரை மணி. ராப்ளாக்ஸ் கணக்கு சரியான வயதில், என் கணக்கோடு இணைத்து. மாசம் 100 ரூபாய் கோடு. என் ஃபோனில் இரண்டே விரல். மூன்று கவலைக்கும் மூன்று இடத்தில் பூட்டுப் போட்டாயிற்று என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

எட்டாம் நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், ஆயாவின் ஃபோனில் நாய்க்குட்டி குரைக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே வேடிக்கை பார்க்கிறாள். "ஏம்மா?" என்றேன். "பாவம்டா, அது பசியோட இருக்குமாம். அஞ்சு நிமிசம்தான்" என்றாள். அவள் ஃபோனில் ஆப் லாக் போட்டு, நம்பரை அவளுக்கு மட்டும் காதில் சொன்னேன். மறந்துவிடுவேனே என்று பயந்து அன்றைக்கே அதைக் கரியால் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். தேதி கிழிக்கும் வேலை எங்கள் வீட்டில் சின்னவனுடையது.